சிக்கனம் உதவாத உயரம்

முதுகுப்பையோடு நாடு நாடாகச் சுற்றுவோர் தங்கும் விடுதிகளில் மாலை வேளைதோறும் ஒரு போட்டி நடக்கும். யார் எவ்வளவு மலிவாக வந்து சேர்ந்தார் என்பதே போட்டி. லிமாவிலிருந்து குஸ்கோ நகருக்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் பேருந்தில் குலுங்கி வந்தவர், வானூர்தியில் வந்திறங்கியவரைச் சற்றே இரக்கத்தோடு நோக்குவார். பத்துப் பேர் படுக்கும் அறையில் கட்டில் பிடித்தவர், தனியறை எடுத்தவரிடம் வாடகையைக் கேட்டுவிட்டுப் புன்னகைப்பார். காசை எண்ணிச் செலவிடும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்தப் போட்டி பிடித்துப்போவதில் வியப்பில்லை. நானும் அதில் உற்சாகமாகக் கலந்துகொண்டவன்தான். ஆயினும் ஆண்டிஸ் மலையில் நடந்து திரும்பியபின் எனக்கு உறுதியாகத் தோன்றும் கருத்து ஒன்று உண்டு. படுக்கையிலும் பேருந்திலும் உணவிலும் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். நாட்களில் மிச்சம் பிடிப்பதும், சுமை தூக்குபவரின் கூலியில் மிச்சம் பிடிப்பதும் சிக்கனம் ஆகா. இரண்டிலும் நம் செலவு குறைவதில்லை. பிறர் கணக்கில் எழுதப்படுகிறது.

வெனிசுவேலா முதல் சிலி, அர்ஜென்டினா வரை ஏழு நாடுகளின் வழியே ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடர் ஆண்டிஸ். அர்ஜென்டினாவில் உள்ள அக்கோன்காகுவா சிகரம் 6,961 மீட்டர். ஆசியாவுக்கு வெளியே அதைவிட உயர்ந்த சிகரம் உலகில் இல்லை. இவ்வளவு பெரிய மலையை நம் பயணிகளில் பெரும்பாலோர் மச்சு பிச்சு என்னும் ஒற்றைப் பெயரால் மட்டுமே அறிவர். அதனால் நானும் பெரு நாட்டில் அங்கே கொண்டு சேர்க்கும் இரு நடைவழிகளை முன்வைத்தே பேசுகிறேன். ஒன்று, நான்கு நாள் நடக்கும் இன்கா பாதை. மற்றொன்று, அதற்கு அனுமதி கிடைக்காதவர்களும் தனிமை விரும்புபவர்களும் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் சல்கந்தாய் பாதை.

முதலில் நாட்களைப் பார்ப்போம். மச்சு பிச்சு இருப்பது சுமார் 2,430 மீட்டரில். உதகமண்டலத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதற்கு வாயிலாக அமைந்த குஸ்கோ நகரமோ 3,400 மீட்டரில், ஏறக்குறைய லே நகரின் உயரத்தில் இருக்கிறது. கடலோர லிமாவில் காலையுணவு உண்டவர் நண்பகலுக்குள் அங்கே நிற்கலாம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. சல்கந்தாய் கணவாய் சுமார் 4,600 மீட்டர். அங்கே அது பாதிக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கூறும் பொதுவிதி. இளமையும் உடற்பயிற்சியும் இதற்கு விலக்கு வாங்கித் தருவதில்லை. நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் ஓடுபவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மூட்டுவலிக்காரர் ஒருவர் மெல்ல நடந்து அவரைக் கடந்து செல்வது அங்கே வழக்கமான காட்சி.

உடல் உயரத்துக்குப் பழகுவதற்கு வேண்டியது நாட்கள் மட்டுமே. ஆனால் நம்மிடம் இருப்பதிலேயே அரிய பொருள் அதுதான். இந்தியாவிலிருந்து லிமாவுக்கு நேர் விமானம் கிடையாது. இடையில் மாறிச் செல்வதற்கே போகவும் வரவும் விடுப்பில் கணிசமான பகுதி கரைந்துவிடும். மிஞ்சும் நாட்களுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட எண்ணுபவர், முதலில் வெட்டி எறிவது குஸ்கோவில் சும்மா இருக்கவேண்டிய இரண்டு மூன்று நாட்களைத்தான். ஒன்றும் செய்யாமல் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று அவர் கேட்பார். கேள்வியில் குறையில்லை. அதற்கு என் விடை, வானூர்தி நிலையத்திலிருந்து நேரே ஒல்லன்தாய்தம்போ போன்ற பள்ளத்தாக்கு ஊருக்கு இறங்கிவிடுங்கள் என்பதே. சுமார் 2,800 மீட்டரில் உள்ள அவ்வூரில் இன்கா காலத்துத் தெருக்களும் வாய்க்கால்களும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. உறக்கம் வரும், பார்க்கவும் நிறைய உண்டு, உடலும் தன் வேலையைச் செய்துகொள்ளும்.

நாட்களைக் குறைப்பவர் தம் உடலை மட்டுமே பணயம் வைப்பதாக எண்ணுகிறார். சல்கந்தாய் பாதையில் எங்கள் குழுவில் ஒன்பது பேர் இருந்தோம். யாரும் யாரையும் முன்பின் அறியாதவர்கள். பெங்களூரிலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர் தமிழ் பேசுபவர் என்பதால் என்னுடன் ஒட்டிக்கொண்டார். குஸ்கோவில் ஒரே ஓர் இரவு தங்கிவிட்டு வந்திருந்தார். 3,900 மீட்டரில் உள்ள சொராய்பம்பா முகாமில் முதல் நாள் மாலை, அவர் சூப்பைத் தொடாமல் எழுந்து போய் வாந்தியெடுத்ததைக் கண்டேன். “சாதாரணத் தலைவலிதான் சார், வழிகாட்டியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்” என்றார். திரும்பவேண்டி வந்தால் இன்னொரு முறை விடுப்பும் கிடைக்காது, செலவழித்த பணமும் வராது என்பது அவருடைய அச்சம். நான் உடனே வழிகாட்டியிடம் சொன்னேன். விடியுமுன் அந்த இளைஞர் கூடாரத்திலிருந்து வெளியே வந்தபோது கால்கள் தடுமாறின.

அப்போது எழுந்த விவாதத்தை நான் மறக்கவில்லை. குதிரையில் ஏற்றிக் கணவாயைக் கடத்திவிட்டால் அந்தப் பக்கம் இறக்கம்தானே என்றனர் இருவர். அந்த முகாமில் வாடகைக் குதிரைகள் கிடைக்கும். பலரும் அப்படிக் கடப்பதுண்டு. இறக்கம் வருவதற்கு முன் 700 மீட்டர் ஏற்றம் இருக்கிறது என்று வழிகாட்டி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். மலை நோய்க்கு நம்பகமான மருந்து கீழே இறங்குவதுதான். தடுமாற்றம் வந்தபின் தாமதிப்பது உயிருக்கே ஆபத்து. சொராய்பம்பாவரை வாகனம் வரும் என்பதால், ஆயிரம் மீட்டர் கீழே உள்ள மொய்யேபாத்தா என்ற ஊருக்கு அவரை அனுப்ப வழி இருந்தது. உடன் செல்வது யார் என்பதுதான் கேள்வி. குழுவுக்கு ஒரே வழிகாட்டி. இளைஞருக்கோ ஸ்பானிய மொழி தெரியாது. சிலி நாட்டிலிருந்து வந்திருந்த, ஓய்வுபெற்ற செவிலியரான ஓர் அம்மையார் தம் முதுகுப்பையை எடுத்து வாகனத்தில் வைத்தார். ஓய்வூதியத்திலிருந்து சிறுகச் சேர்த்து வந்த பயணம் அது என்று முந்திய இரவுதான் எங்களிடம் கூறியிருந்தார்.

இளைஞர் கீழே சென்று மறுநாள் மாலைக்குள் தேறிவிட்டார். அம்மையாருக்குக் கட்டணம் திரும்பவில்லை. பயணம் முடிந்து குஸ்கோவில் கூடியபோது, அவர் அடுத்த வாரம் மீண்டும் செல்வதற்கான தொகையில் பாதியை இளைஞர் தந்தார். மீதியை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது என்று பேச்சு வந்தது. ஒருவர் மட்டும் தரவில்லை. ஆபத்தை வரவழைத்துக்கொண்டவர் முழுத்தொகையும் தரட்டும், இடையில் நாம் எதற்கு என்றார். கணக்குப் புத்தகத்தின்படி அவர் கூறியது சரி. ஆயினும் எனக்கு அது ஒப்பவில்லை. வங்கியில் கடன் வாங்குபவருக்குப் பிணை நிற்பவர் கையொப்பமிடுகிறார். மலைப்பாதையில் கையொப்பம் ஏதுமின்றி ஒவ்வொருவரும் மற்றவர்க்குப் பிணையாகிறார். என் முழங்கால் பிசகியிருந்தால் அந்த அம்மையார் எனக்காகவும் இறங்கியிருப்பார். முன்பின் தெரியாதவர்களோடு நடப்பதில் உள்ள பெரும்பேறும் பெருஞ்சுமையும் இதுதான். ஆகையால் எந்தக் குழுவில் சேர்வதானாலும், உணவில் என்ன தருவீர்கள் என்று கேட்கும் முன், இரண்டாம் வழிகாட்டி உண்டா, ஒருவர் திரும்பவேண்டி வந்தால் அவரை யார் அழைத்துச் செல்வார் என்று கேளுங்கள். விலை குறைந்த குழுக்களில் அந்த இரண்டாம் வழிகாட்டியைத்தான் முதலில் காணோம்.

சல்கந்தாய் பாதையில் நம் பொதிகளைக் கோவேறு கழுதைகளும் குதிரைகளும் சுமக்கின்றன. இன்கா பாதையில் அவற்றுக்கு அனுமதி இல்லை. பழங்காலக் கற்படிகள் குளம்புகளுக்குத் தாங்கா. எனவே கூடாரம், எரிவாயு உருளை, அரிசி, முட்டை, மடக்கு மேசை, நாற்காலி அனைத்தும் மனித முதுகில்தான் செல்கின்றன. அப்பாதையில் ஒரு நாளைக்கு நுழையலாம் என்று அரசு அனுமதிப்போர் மொத்தம் 500 பேர். அவர்களில் பயணிகள் ஏறத்தாழ 200 பேரே. மற்றவர்கள் வழிகாட்டிகள், சமையற்காரர்கள், சுமை தூக்குவோர். பாதிக்கும் குறைவானோர் நடப்பதற்குப் பாதிக்கு மேற்பட்டோர் உழைக்கும் பாதை அது என்பதைப் பயண விளம்பரங்களில் வரும் படங்கள் காட்டுவதில்லை.

காலையில் நாம் புறப்பட்டபின் அவர்கள் முகாமைக் கலைத்துக் கட்டுவார்கள். சிறிது நேரத்தில் நம்மைக் கடந்து ஓட்டமும் நடையுமாக ஏறுவார்கள். 4,200 மீட்டரைத் தொடும் வார்மிவன்யுஸ்கா கணவாயில் நாம் பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கும்போது, அவர்கள் அப்புறம் இறங்கிக் கூடாரம் அடித்து நீரைக் கொதிக்கவைத்திருப்பார்கள். பெரும்பாலோர் சுற்றுவட்டாரச் சிற்றூர்களைச் சேர்ந்த உழவர்கள், கெச்சுவா மொழியினர். வயல் வேலை ஓய்ந்த காலத்தில் கைக்காசுக்காக வருபவர்கள். முன்பு ஒருவர் எவ்வளவு சுமப்பது என்பதற்கு வரம்பே இல்லாதிருந்தது. பெரு அரசு 2001-இல் இயற்றிய சட்டம் ஒருவருக்கு 20 கிலோ என்று வரையறுத்தது. பாதையின் நுழைவாயிலில் இப்போது தராசு வைத்துப் பொதிகளை நிறுக்கிறார்கள்.

தராசு எடையை மட்டுமே அறியும். கூலி எவ்வளவு, இரவில் படுக்க விரிப்பு உண்டா, உணவு பயணிகளுக்கு மிஞ்சியதா தனியே சமைத்ததா, பணி முடிந்து வீடு திரும்பப் பேருந்துக் காசு யாருடையது என்பவற்றை அது சொல்லாது. இங்கே மலிவு எப்படி உருவாகிறது என்று சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதைக்கான அனுமதிக் கட்டணம் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்று. மச்சு பிச்சு நுழைவுக் கட்டணமும் திரும்பி வரும் இரயில் கட்டணமும் பேரம் பேசக் கூடியவை அல்ல. காய்கறி விலையில் பெரிதாக வேறுபாடு வராது. அப்படியிருக்க ஒரு நிறுவனம் மற்றதைவிடக் கணிசமாகக் குறைத்து விற்கிறது என்றால், குறைக்கத்தக்கதாக எஞ்சியிருப்பவை சுமை தூக்குவோரின் எண்ணிக்கையும் கூலியும் போர்வையும்தான். குஸ்கோ நடுச்சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏறி இறங்கி, அரைமணி நேரம் பேரம் பேசி, நாற்பது டாலர் குறைத்துவிட்டேன் என்று ஒருவர் விடுதியில் பெருமிதம் கொண்டால், அந்த நாற்பது டாலர் எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்கத் தோன்றுகிறது.

அதற்காக வசதி படைத்தவர்கள் மட்டுமே ஆண்டிஸில் நடக்கவேண்டும் என்பது என் வாதம் அன்று. பணம் குறைவானவர்க்கு அந்த மலையில் நேர்மையான வழிகள் பல உண்டு. பெருவின் வடபகுதியில் வாராஸ் நகரை ஒட்டிய சாந்தா குரூஸ் பாதையில் தம் கூடாரத்தையும் உணவையும் தாமே சுமந்து நான்கு நாள் நடக்கலாம். 4,750 மீட்டர் கணவாய் ஒன்று உண்டு என்பதால் உடலைப் பழக்கிக்கொண்டு செல்லவேண்டும். ஈக்வடாரில் கிலோத்தோவா எரிமலை ஏரியைச் சுற்றி ஊர் விட்டு ஊர் நடக்கும் மூன்று நாள் வழி இன்னும் எளிது. கூடாரமே வேண்டாம், ஒவ்வோர் இரவும் ஓர் ஊரில் குடும்பத்தினர் நடத்தும் விடுதியில் சூடான சூப்பும் கம்பளியும் கிடைக்கும். நாம் தரும் பணம் நேரே அந்த வீட்டுக்குப் போகிறது. என்னைக் கேட்டால், முதன்முறை செல்பவர்க்கு மச்சு பிச்சுவைவிட இதையே பரிந்துரைப்பேன். சந்தையில் கம்பளித் தொப்பிக்குப் பேரம் பேசுங்கள். அது அவர்களுக்கும் பொழுதுபோக்கு.

இந்த இடத்தில் ஒரு வங்கி இதழின் வாசகர்க்குச் சுவையான செய்தி ஒன்று. கொலம்பியா முதல் அர்ஜென்டினா வரை 30,000 கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த இன்கா சாலை வலையை 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தச் சாலைகளைக் கட்டிய பேரரசில் நாணயம் என்பதே கிடையாது. வரி உழைப்பாகவே செலுத்தப்பட்டது. கணக்கு கிப்பு எனப்படும் முடிச்சிட்ட கயிறுகளில் வைக்கப்பட்டது. ஆனாலும் அவர்கள் சேமித்தார்கள். சாலையோரமெங்கும் களஞ்சியங்கள் எழுப்பினார்கள். உருளைக்கிழங்கு பிறந்த நாடல்லவா அது! கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் உலர்த்திச் சுன்யோ ஆக்குவார்கள். அது ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்றும் மலையூர்ச் சந்தைகளில் கூழாங்கல் போலக் குவித்து விற்கிறார்கள். சுவை அவ்வளவாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாணயமற்ற அந்தப் பொருளாதாரத்தில் ஒரு பகுதி இன்னும் உயிரோடிருக்கிறது. அய்னி என்பது அதன் பெயர். இன்று உன் வயலில் நான் ஒரு நாள் உழைத்தால், நாளை என் வயலில் நீ ஒரு நாள் உழைப்பாய். நம் உழவர்கள் மாற்றாளாகச் சென்று நட்டும் அறுத்தும் கொடுத்த வழக்கத்தின் உடன்பிறப்பு அது. குஸ்கோவின் தெற்கே அபூரிமாக் ஆற்றின் மேல் கேஸ்வாசாக்கா என்ற புல்கயிற்றுப் பாலம் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 28 மீட்டர். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நான்கு ஊரார் கூடி, வீட்டுக்கு வீடு புல்லைத் திரித்துக் கயிறாக்கிக் கொண்டுவந்து, பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுப் புதியதைக் கட்டுகிறார்கள். அருகிலேயே வண்டிகள் செல்லும் இரும்புப் பாலம் உண்டு, ஆயினும் கட்டுகிறார்கள். 2013-இல் அந்தக் கலையும் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. உழைப்புக்கு உழைப்பே ஈடு என்று எண்ணும் மக்களின் முதுகில் நம் பொதியை ஏற்றிவிட்டு, அவர்கள் கூலியில் பேரம் பேசுவது எவ்வளவு பொருந்தாச் செயல் என்பதை அந்தப் பாலத்தைக் கண்டவர் உணர்வார்.

புறப்பட எண்ணுவோர்க்குச் சில செய்திகள். பெரு, பொலிவியா, ஈக்வடார் நாடுகளிலிருந்து தாயகம் திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே அரசு அங்கீகரித்த மையத்தில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டு ஆவணத்தைச் சிற்றெழுத்து உட்பட வாசியுங்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலைநடைக்குப் பொறுப்பேற்காத காப்பீடுகள் பல. குஸ்கோ விடுதிகளில் வரவேற்பாகத் தரும் கோக்கா இலைத் தேநீரை அங்கேயே குடித்து மகிழுங்கள். அந்த இலை அங்கே சட்டப்படி விற்கப்படுவது. நம் நாட்டிலோ 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்படி அதை வைத்திருப்பது குற்றம். இன்கா பாதை பிப்ரவரி முழுவதும் மூடப்படும். மே முதல் செப்டம்பர் வரை உலர்காலம் என்பதால் அம்மாதங்களுக்கான அனுமதி வெகு முன்னரே தீர்ந்துவிடும்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு நீங்களாகக் கேட்டுச் செயல்படுத்தினால் ஒழிய இயங்காது. புறப்படுமுன் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டாலர் தாள்களில் சிறு கிழிசல் இருந்தாலும் அங்கே வாங்க மறுப்பார்கள். மலையில் ஏடிஎம் கிடையாது. கடைசி இரவு உணவுக்குப்பின் சுமை தூக்கியவர்கள் வரிசையாக வந்து நிற்க, குழுவினர் அன்பளிப்பு தருவது வழக்கம். பெரிய தாள் ஒன்றை ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லும்போது அது எல்லோரையும் சமமாகச் சென்றடையும் என்பதற்கு உறுதியில்லை. குஸ்கோவை விட்டுக் கிளம்புமுன் 10 சோல், 20 சோல் தாள்களாக மாற்றி, ஆளுக்கொன்றாக உறையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். முதல் நாளே பெயர்களைக் கேட்டு உறையின் மேல் எழுதிவைத்துவிட்டால், கொடுக்கும்போது பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்கலாம்.